மார்கழிக் குளிரை நம்பி மீனை வைக்காதீர்கள்!

"குளிர்காலம்தானே டாக்டர்... ஃப்ரிட்ஜ் ஓடலேன்னா என்ன? ஒரு நாள்ல கெட்டா போயிடும்?"

ஐப்பசி பிறந்து அடைமழை ஆரம்பித்தால் இந்தக் கேள்வி என் காதில் விழாத வருஷமே கிடையாது. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள்தான். கோடையில் கரண்ட் போனால் பதறிப்போய் பாலைக் காய்ச்சுகிற அதே அம்மாக்கள், மார்கழியில் கரண்ட் போனால் நிம்மதியாகப் படுத்துத் தூங்கி விடுகிறார்கள். அந்த நிம்மதியில்தான் ஆபத்து.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் செம்மங்குப்பம், ஆலப்பாக்கம் பக்கத்து ஜனங்களுக்கு 'தானே' புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. நெய்வேலி அனல் மின்நிலையம் பக்கத்திலேயே இருந்து என்ன பயன்? கம்பி அறுந்து கிடந்தால் வீட்டுக்கு வெளிச்சம் வராதே! கடலூர் நகரத்திலேயே நாட்கணக்கில் இருட்டு. உள்ளே தள்ளி இருந்த கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. அதற்குப் பிறகு 2015-ல் வெள்ளம் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. தொடர்ந்து தென்பெண்ணை பெருகி கடலூரைச் சூழ்ந்தது. ஆக, குளிர்காலத்தில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருப்பது நம் மாவட்டத்துக்கு எப்போதோ வரும் விபத்து அல்ல. தீபாவளி, பொங்கல் மாதிரி எதிர்பார்த்துத் தயாராக வேண்டிய விஷயம்.

தானே அடித்த முதல் இரண்டு நாள் என்னிடம் வந்தவர்கள் எல்லாம் ஓடு விழுந்து அடிபட்டவர்கள், மரம் வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டவர்கள். மூன்றாம் நாளிலிருந்து வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டில் ஆயா, மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று நாலு பேருக்கும் ஒரே மாதிரி வாந்தி. "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "புத்தாண்டுக்குன்னு வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்ச மீனு டாக்டர். வீணாப் போவுதேன்னு நேத்துதான் நல்லா கொதிக்க வச்சுக் குழம்பு வச்சேன். வாசனை கூட ஒண்ணும் மாறலே" என்றார் அந்த ஆயா.

இந்த ஒரு பதிலில் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. குளிர் காப்பாற்றும், கொதி காப்பாற்றும், மூக்கு காட்டிக்கொடுக்கும் என்பவைதான் அவை. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

எது குளிர்?

மார்கழியும் தையும் சித்த மருத்துவத்தில் முன்பனிக் காலம். உடம்புக்குக் குளிர்கிறது, ஸ்வெட்டர் தேடுகிறோம். ஆனால் நம் கடற்கரையில் மார்கழி ராத்திரி எவ்வளவு குளிர்? 20, 22 டிகிரிக்குப் பக்கம்தான். பகலில் 28 டிகிரி வரை ஏறிவிடும். உணவில் கிருமி பெருகாமல் இருக்க வேண்டுமானால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்க வேண்டும். இடையில் உள்ளதெல்லாம் கிருமிகளின் ராஜ்ஜியம். மே மாதத்து 38 டிகிரியை விட 22 டிகிரியில் அவை கொஞ்சம் மெதுவாகப் பெருகும், அவ்வளவுதான். நிற்காது. சாயங்காலம் வைத்த கறிக்குழம்பு கோடையில் ராத்திரியே காட்டிக்கொடுத்து விடும். மார்கழியில் காலை வரை நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்களும் நம்பி விடுவார்கள்.

2013 டிசம்பரில் கனடாவின் டொரொன்டோ நகரத்தில் பனிமழை பெய்து மின்கம்பிகள் அறுந்தன. மூன்று லட்சம் வீடுகளுக்கு மேல் கிறிஸ்துமஸ் சமயத்தில் கரண்ட் இல்லை. நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் அது. அங்கே வெளியே தண்ணீரே உறைந்து கிடக்கும். அங்கேயும் கூட உணவைத் திறந்த வெளியில் வைக்காதீர்கள், வெயில் பட்டால் உருகும், பிராணிகள் வாய் வைக்கும் என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பதில் தண்ணீரை வெளியே வைத்து உறைய வைத்து, அந்த ஐஸை ஃப்ரிட்ஜுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். உறைபனி ஊரிலேயே இத்தனை ஜாக்கிரதை என்றால், ஜன்னலோரம் பாத்திரத்தை வைத்துவிட்டு 'குளுகுளுன்னு இருக்கு' என்று நாம் சொல்வதில் அர்த்தம் இருக்கிறதா?

இன்னொன்றும் கவனியுங்கள். கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்வது பானையின் மேல் கசியும் நீர் ஆவியாவதால். அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கிறது. நீர் எங்கே ஆவியாகும்? ஆகவே ஈரத்துணி சுற்றுவது, மணலில் பானையைப் புதைப்பது போன்ற வெயில்கால உபாயங்கள் மழைக்காலத்தில் பெரிதாகக் கை கொடுக்காது.

ஃப்ரிட்ஜ் ஒரு பெட்டி

கரண்ட் போன நிமிஷத்திலிருந்து ஃப்ரிட்ஜ் குளிர்விக்கும் இயந்திரம் அல்ல. குளிரைப் பூட்டி வைத்திருக்கும் வெறும் பெட்டி. கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். மேலே ஃப்ரீஸர் நிறையப் பொருள் இருந்தால் 48 மணி நேரம், பாதிதான் இருந்தால் 24 மணி நேரம். இது திறக்காமல் இருந்தால் என்பதை மறுபடியும் சொல்கிறேன். 'எப்படி இருக்குன்னு பார்க்கலாம்' என்று டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் நம் வீடுகளில் முதல் தப்பு. பிள்ளைகள் வேறு, பழக்க தோஷத்தில் போகும்போதும் வரும்போதும் திறப்பார்கள். கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள்.

கரண்ட் போன நேரத்தை ஒரு தாளில் எழுதி கதவிலேயே ஒட்டுங்கள். ஆறு மணிக்குப் போச்சா, எட்டு மணிக்குப் போச்சா என்று மறுநாள் வீட்டில் பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை.

உண்மையில் வேலை தொடங்க வேண்டியது அதற்கும் முன்னால். கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்ததுமே ஃப்ரிட்ஜை அதிகக் குளிருக்குத் திருப்பி வையுங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டில்களில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்து ஃப்ரீஸரை நிரப்புங்கள். (முழுக்கப் பிடித்தால் உறையும்போது பாட்டில் வெடிக்கும்.) கரண்ட் போனபின் அந்த ஐஸ் பாட்டில்களில் இரண்டைக் கீழ்த்தட்டில் பால், மருந்துப் பக்கம் வைத்தால் இன்னும் சில மணி நேரம் கிடைக்கும். உருகினால் குடிக்கும் தண்ணீர். மீனோ கறியோ புதிதாக வாங்கிச் சேர்க்காதீர்கள். கூண்டு ஏற்றிய பிறகு மார்க்கெட்டுக்குப் போய் 'நாலு நாளைக்கு இருக்கட்டும்' என்று ரெண்டு கிலோ வாங்கி வருகிற ஐயாக்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

இன்னொரு சின்ன வேலை. ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் உறைய வைத்து, அந்த ஐஸ் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். ராத்திரி நீங்கள் தூங்கும்போது கரண்ட் போய், எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ கழித்து வந்திருக்கலாம். வெளியூர் போயிருக்கலாம். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் மறுபடி கல்லாக உறைந்து புதுசு போலத்தான் தெரியும். நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. டம்ளரின் அடியில் போய் உறைந்திருந்தால் ஐஸ் முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மீனும் கறியும் குப்பைக்குத்தான். 2012-ல் மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். விட்டு விட்டு வரும் கரண்ட்தான் அதிகம் ஏமாற்றும்.

கொதிக்க வைத்தால் போதாதா?

போதாது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கொதித்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும், சரி. ஆனால் அவை சாவதற்கு முன்னால் உணவில் கக்கிவிட்டுப் போன நஞ்சு? சில நஞ்சுகள் எவ்வளவு கொதித்தாலும் அசைந்து கொடுக்காது. பாம்பை அடித்துக் கொன்ற பிறகும் அதன் விஷம் விஷம்தானே!

அந்த ஆயா வீட்டு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை, வஞ்சிரம் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்றொரு சத்து இயற்கையிலேயே அதிகம். குளிர் விட்டுப்போனால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடும். கொதித்தாலும் வறுத்தாலும் அது போகாது. நாற்றமும் வராது. சில பேருக்கு நாக்கில் மிளகு கடித்தது போல ஒரு சுருக்கென்ற உணர்ச்சி வரும், அவ்வளவுதான் அடையாளம். சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும், படபடப்பு வரும், வாந்தியும் பேதியும் வரும். 'எனக்கு மீன் ஒத்துக்காது, அலர்ஜி' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது மீன் இல்லை. மீன் வெளியில் கிடந்த நேரம்!

புயலுக்குப் பிறகு இன்னொரு எச்சரிக்கை. யாரும் கடலுக்குப் போகாத நாட்களில் சந்தைக்கு வரும் மீன் எந்த ஐஸில் எத்தனை நாள் கிடந்ததோ! ஐஸ் ஃபேக்டரிக்கும் கரண்ட் வேண்டுமே. படகுகள் மறுபடி கடலுக்குப் போய்த் திரும்பும் வரை மீன் ஆசையைக் கட்டிப்போடுங்கள்.

அடுத்தது சோறு. 'சோத்துல என்ன இருக்கு?' என்பீர்கள். அரிசியிலேயே ஒட்டிக்கொண்டு வரும் பேஸில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் சோறு வேகும் கொதியிலும் சாகாது. சோறு ஆறிக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சும் சூட்டுக்கு மசியாது. மத்தியானம் வடித்த சோற்றை ராத்திரி தாளித்து எலுமிச்சை சாதமாக மாற்றினால் ருசி மாறும், நஞ்சு மாறாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும்.

மூன்றாவது நம் கையிலிருந்து வருவது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி மூக்கிலும் சீழ் பிடித்த காயத்திலும் குடியிருக்கும். புயலுக்குப் பிறகு மரம் வெட்டி, ஓடு அள்ளி, கையில் காயம் இல்லாத ஆள் ஏது? அந்தக் கையாலேயே சோறு பிசைந்து பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பார்கள். உருண்டை ஒரு மணி நேரம் தட்டில் இருந்தால் பரவாயில்லை, அரை நாள் இருந்தால் போச்சு. இந்த நஞ்சும் கொதிக்கு அடங்காது. கையில் புண் இருப்பவர் சமையல் பக்கம் போக வேண்டாம். வேறு ஆள் இல்லை என்றால் காயத்தைக் கட்டி, மேலே ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு கரண்டியால் மட்டும் பரிமாறட்டும்.

ஆகவே கணக்கு மூக்குக்கு அல்ல, கடிகாரத்துக்கு. சமைத்த உணவு, பால், மீன், கறி எதுவானாலும் குளிர் விட்டு 2 மணி நேரம் வெளியில் இருந்தால் வைத்திருக்க வேண்டியதில்லை. சமைத்தால் கணக்காகச் சமைத்து சூடாகவே தீர்த்துவிடுங்கள். ஹாட்பேக்கை நம்பி ராத்திரி வரை வைப்பவர்கள் உண்டு. மூடியைத் திறந்து தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பு என்றால் அது கிருமிக்குத் தொட்டில்.

மருந்துக்கே மூன்று மணி நேரம்

இந்தக் கடிகாரக் கணக்கு ஏதோ வெளிநாட்டு விஞ்ஞானம் என்று நினைக்காதீர்கள். பாளையங்கோட்டையானாலும் சென்னையானாலும், சித்த மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு மருந்துகளின் ஆயுட்காலம் பாடம் உண்டு. காய்ச்சி வடித்த குடிநீருக்கு (கஷாயம்தான்) ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். காயவைத்து இடித்த சூரணத்துக்கு 3 மாதம். சர்க்கரைப் பாகும் நெய்யும் சேர்ந்த இளகத்துக்கு 6 மாதம். பாருங்கள், நீர் இருக்கும் இடத்தில் ஆயுள் குறைவு. காய்ந்தால், இனிப்பில் ஊறினால், நெய்யில் நின்றால் ஆயுள் கூடுகிறது. மிளகும் திப்பிலியும் போட்ட கஷாயத்துக்கே மூன்று மணி நேரம்தான் என்றால், தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்புக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?

தேரையரின் பிணியணுகா விதியிலும் முதல் நாள் சமைத்த கறியை மறுநாள் தொடக்கூடாது என்று கண்டிப்பாகவே இருக்கிறது. ஃப்ரிட்ஜ் வந்த பிறகு அந்த விதியை நாம் மறந்துவிட்டோம். கரண்ட் போன நாட்களில் அதை மறுபடி கையில் எடுக்கத்தான் வேண்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 'கெட்டுப்போற மாதிரி இருந்துச்சு, மஞ்சளும் பெருங்காயமும் சேர்த்துக் கொதிக்க வச்சுட்டேன்' என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். மஞ்சளும் மிளகும் புதிதாகச் சமைக்கும்போது நல்லவை. கெட்ட உணவை நல்லதாக்கும் மூலிகை எந்த மருத்துவத்திலும் கிடையாது.

எதை முதலில் தீர்ப்பது?

கரண்ட் சட்டென்று வராது என்று தெரிந்துவிட்டால், ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள். 4 மணி நேரக் கெடுவுக்குள் மீன், கறி, பால், முதல் நாள் குழம்பு ஆகியவற்றைக் கணக்குத் தீர்க்க வேண்டும். மீனைப் புளி விட்டுக் குழம்பு வைத்தால் அந்த வேளைக்கும் அடுத்த வேளைக்கும் வரும். புளியின் காடித்தன்மை கிருமிக்குப் பிடிக்காது என்பது உண்மைதான். மறுநாள் மீன் குழம்பின் ருசி எனக்கும் தெரியும். ஆனால் அது ராத்திரி ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை தளதளவென்று கொதிக்கவிட்டு, காலையோடு முடிக்க வேண்டிய குழம்பு. இரண்டாம் நாளுக்கு அல்ல. அதுவும் புது மீனாக இருந்தால்தான்.

ஆவின் பாக்கெட் பாலை உடனே காய்ச்சுங்கள். அப்புறம் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பொங்கக் காய்ச்ச வேண்டும். மிஞ்சியதை மாலையில் உறை ஊற்றிவிடுவது புத்திசாலித்தனம். தயிர் புளிக்குமே தவிர, பாலைப் போல ஆபத்தாகாது. ஃப்ரிட்ஜ் இல்லாமலே வைக்கக்கூடிய, பிரிக்காத அட்டைப் பெட்டிப் பால் இரண்டு, பால் பவுடர் ஒரு பாக்கெட் கார்த்திகையிலேயே வாங்கி வையுங்கள்.

கீரை, கொத்தமல்லி, நறுக்கிய காய் முதல் நாளிலேயே. கத்தரி, முருங்கை, தக்காளி, உருளை, வெங்காயம், சேனை இவற்றுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை, கூடையில் காற்றாட இருக்கட்டும். துருவிய தேங்காய் சீக்கிரம் நொதித்துவிடும், அவ்வப்போது உடைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி ஓடாதே என்றால் அம்மி இருக்கிறது. (பல வீடுகளில் அது துணி துவைக்கும் கல்லாகப் பதவி இறங்கிக் கிடக்கிறது.) முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வந்து வியர்த்துவிட்டால் அன்றோ மறுநாளோ நன்றாக வேகவைத்துத் தீர்த்துவிடுங்கள்.

இட்லி மாவு பயப்பட வேண்டிய பொருள் அல்ல. புளிப்பே அதற்குக் காவல். கெட்டியாக அரைத்த மாவு மார்கழியில் வெளியிலேயே ஒன்றரை நாள் தாங்கும். ரொம்பப் புளித்தால் வெங்காயம் போட்டுப் பணியாரமாக ஊற்றலாம். மேலே இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் மட்டும் மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியை ஊற்றும் வேலை வேண்டாம். முழு மாவையும் கொட்டிவிடுங்கள்.

பழைய சோற்றைக் கேட்பீர்கள். சோறு மிஞ்சினால் சும்மா மூடி வைப்பதைவிடத் தண்ணீர் ஊற்றுவது எவ்வளவோ மேல். தண்ணீரில் நொதிக்கும்போது உண்டாகும் புளிப்புக் கிருமிகளை அடக்கும். ஆனால் ஆறிய கையோடு ஊற்ற வேண்டும், ராத்திரி படுக்கும்போது ஞாபகம் வந்து ஊற்றக் கூடாது. வெள்ளம் வந்த நாட்களில் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் சாக்கடையோடு கலந்திருக்கும். அந்தத் தண்ணீரைப் பச்சையாக ஊற்றினால் பழைய சோறு அல்ல, பேதி மருந்து. கொதித்து ஆறிய நீரைத்தான் ஊற்ற வேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் வாட்டர் ஃபில்டரும் ஓடாது, ஞாபகம் இருக்கட்டும்.

நாலு நாள், ஒரு வாரம் என்று இழுத்தால் என்ன சாப்பிடுவது? நம் பாட்டிமார்கள் யாத்திரைக்குக் கட்டிக்கொண்டு போனார்களே, அதேதான். நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் வாரக்கணக்கில் இருக்கும். சூடாகச் சோறு வடித்து அவ்வப்போது கிளறிக்கொள்ளலாம். பருப்புப் பொடி, அவல், பொரி, வறுத்த கடலை, சத்து மாவு, சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், ஊறுகாய். இவையெல்லாம் சித்திரை வெயிலில் தயாராக வேண்டியவை. புயலடித்த பிறகு மீனைக் கருவாடாக்கலாம், வடாம் போடலாம் என்று கிளம்பினால் ஈரக்காற்றில் பூஞ்சைதான் பூக்கும். ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போடக்கூடாது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இன்சுலினும் கைக்குழந்தையும்

ஃப்ரிட்ஜில் இருப்பது சாப்பாடு மட்டும் அல்லவே. சர்க்கரை நோயாளிகள் 'இன்சுலின் கெட்டுடுச்சு'ன்னு ஊசியையே நிறுத்திவிடுகிறார்கள். அது உணவுக் கேட்டைவிடப் பெரிய ஆபத்து. பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில், சுமார் 4 வாரம் தாங்கும். பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் எழுதியிருக்கும், படித்துக்கொள்ளுங்கள். மீனைக் காப்பாற்றாத மார்கழிக் குளிர், இன்சுலினைக் காப்பாற்றும்! ஐஸ் மேல் நேராக வைத்து உறைய விட்டுவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் வீண்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலைப் போல வேறு பாதுகாப்பான உணவு இந்த நாட்களில் இல்லை. பவுடர் பால் கொடுப்பவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் கொதித்த நீரில் புதிதாகக் கரைக்க வேண்டும். குழந்தை மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது.

வாந்தி, பேதி வந்துவிட்டால்

என்னிடம் வருபவர்கள் எடுத்த எடுப்பில் ஓமம் கேட்பார்கள், மாதுளை ஓட்டுக் கஷாயம் கேட்பார்கள். அதெல்லாம் அப்புறம். முதலில் உடம்பை விட்டுப் போன நீரும் உப்பும் திரும்ப உள்ளே போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு கைவசம் இருக்கட்டும். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. வாந்தி வந்தாலும் பத்து நிமிஷம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. பேதியை உடனே கட்டும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, கண் குழிந்து போதல், கடும் காய்ச்சல், குழந்தை எதையும் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதும் என்று உட்காராதீர்கள். என்னைப் போன்ற சித்த வைத்தியரைக்கூடத் தேடி வர வேண்டாம். நேராக அரசு ஆஸ்பத்திரி, வண்டி கிடைக்காவிட்டால் 108. கர்ப்பிணிகள், அறுபதைத் தாண்டியவர்கள் என்றால் இன்னும் சீக்கிரம். அந்த ஆயாவைத்தான் நான் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பேரப்பிள்ளைகள் கரைசல் குடித்தே ஒரே நாளில் தெளிந்துவிட்டார்கள். ஆயாவுக்கு மூன்று பாட்டில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது.

கரண்ட் வந்த பிறகு

லைட் எரிந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், செல்போன் சார்ஜரைத் தேடுவார்கள். ஃப்ரிட்ஜ் ஞாபகம் மறுநாள்தான் வரும். அதற்குள் அது எல்லாவற்றையும் குளிர வைத்து அப்பாவி மாதிரி நிற்கும். கரண்ட் வந்தவுடனேயே திறந்து பாருங்கள். ஃப்ரீஸரில் பொருள் மேல் ஐஸ் படிகம் இன்னும் மிச்சமிருந்தால் உடனே சமைத்துச் சாப்பிடலாம். தொளதொளத்துப் போயிருந்தால் வேண்டாம். உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீமைக் குழந்தைகள் கண்ணில் படாமல் கொட்டுங்கள். தெரு நாய்க்கோ வேலைக்கு வரும் அம்மாவுக்கோ 'எடுத்துக்கோ' என்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நம் வயிற்றுக்கு ஆகாதது அவர்கள் வயிற்றுக்கு மட்டும் ஆகுமா?

தட்டுகளை வெளியே எடுத்து சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளே சமையல் சோடா கரைத்த வெந்நீரில் துடைத்து, ஈரம் காயும் வரை கதவைத் திறந்து வையுங்கள். நாற்றம் போகவில்லை என்றால் ஒரு கிண்ணத்தில் அடுப்புக் கரியைப் போட்டு உள்ளே வைக்கலாம். டம்ளரில் புதிதாக ஐஸ் உறைந்ததும் அந்த ஒரு ரூபாய் நாணயத்தை மறுபடி மேலே வைத்துவிடுங்கள். பொங்கல் கழியும் வரை அது அங்கேயே இருக்கட்டும்.